எந்தக் கணவாய் வழியாங்க சார்?

தருமபுரி மாவட்டத்தில் எந்த ராஜாவின் படையையும் நிம்மதியாக நகரவிடாத ஒரே ஆள் எங்கள் கணவாய்தான். மீன் கணவாய் அல்ல. கடல் எங்களுக்கு வெகு தூரம். மலைகளுக்கு நடுவே வழி விடுமே, அந்தக் கணவாய். அறுபதுகளின் கடைசியில் கல்லூரி விடுதியில் நானும் அவனும் ஒரே அறை. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவனுக்கு இருந்தது. வாத்தியார் வருகை எடுக்கும்போது தவிர அதற்கு வேறு வேலை இல்லை.

கணவாய் என்ற பெயர் வந்தது பி.ஏ. சரித்திர வகுப்பில். பேராசிரியர், "மைசூர்ப் படை கீழே இறங்கி வந்தது" என்றார். பின் பெஞ்சிலிருந்து இவன் எழுந்தான்.

"எந்தக் கணவாய் வழியாங்க சார்?"

"வந்துதுப்பா. அவ்ளோதான்."

"தொப்பூர் வழியாவா, இல்ல வேற வழியாங்களா? கோடையிலன்னா குதிரைக்கெல்லாம் தண்ணி வேணுமில்லீங்களா?"

"நான் அந்தப் படையில இல்லடா!"

அதற்குப் பிறகு பேராசிரியர் ஒரு படையைக் கிளப்புவதற்கு முன் பின் பெஞ்சைப் பார்த்துக்கொள்வார். அவன் தலையசைத்தால்தான் போர். இல்லாவிட்டால் நேராக அந்த ராஜாவின் நிர்வாகச் சீர்திருத்தங்களுக்குப் போய்விடுவார்.

அவனுக்கு ஒரே ஆசைதான். சரித்திரத்தையும் பூகோளத்தையும் சேர்த்து ஒரே பட்டமாகப் படிக்க வேண்டும். பிரின்சிபாலிடம் போய்க் கேட்டான். நானும் துணைக்குப் போனேன்.

"ரெண்டுல எது வேணும், சொல்லு" என்றார் அவர்.

"களி வேணுமா, கொழம்பு வேணுமான்னா என்னங்க சார் சொல்றது? ரெண்டும் சேந்தாத்தானுங்க எறங்கும்."

பிரின்சிபால் சிரித்தார். சிரித்துவிட்டு இல்லை என்றார். அப்படிச் சிரித்துக்கொண்டே இல்லை என்கிற மனிதர்களைத்தான் அவன் வாழ்நாள் முழுக்கப் பார்க்கப்போகிறான் என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது.

பல்கலைக்கழகம் கொடுக்காத பட்டத்தை அவனே தனக்கு நடத்திக்கொண்டான். எங்கள் பக்கத்துக் காடுமேடெல்லாம் நடுகல் உண்டு. மாடு கவர வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்த வீரனுக்கு, அவன் விழுந்த இடத்திலேயே நட்ட கல். சிலவற்றை வேடியப்பன் என்று கும்பிடுவார்கள். மற்றவை வரப்போரம் குப்புறக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கணவாய் கிளம்பிவிடுவான். ஒவ்வொரு கல்லையும் தேடிப் பிடித்து மேப்பில் புள்ளி வைப்பான்.

வத்தல்மலை அடிவாரத்தில் ஒரு ஊரில், நிலத்தைப் பிடுங்கத்தான் சர்க்கார் ஆள் அளக்க வந்திருக்கிறான் என்று அவனைப் புளியமரத்தில் கட்டிவிட்டார்கள். வார்டனும் நானும் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது, கட்டிப்போட்டவர்களே மரத்தைச் சுற்றி உட்கார்ந்து, எந்தெந்தக் காட்டில் கல் கிடக்கிறது என்று அவனுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். "கொஞ்சம் இருங்க சார், இன்னும் கெழக்குப் பக்கம் கேக்கல" என்றான் மரத்திலிருந்தபடியே.

ஒரு நாள் அந்தப் புள்ளிகளை எனக்குக் காட்டினான். சிதறிக் கிடந்தவை எல்லாம் மலையடிவாரத்தில் ஒரு கோடாகப் போய், ஒரு இடுக்கில் நுழைந்தன. "மாட்ட ஓட்டிக்கிட்டுப் போன வழிடா இது. தொரத்திக்கிட்டுப் போனவன் ஒவ்வொருத்தனா விழுந்திருக்கான்" என்றான். அவ்வளவு வருஷம் படித்த சரித்திரத்தில் ஒருவன் சாவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பரீட்சையிலும் கட்டுரைக் கேள்விக்கு மேப்பு வரைந்து வைத்துவிட்டு வந்தான். மூன்றாம் வகுப்பில் தேறியதே மாதாவின் கருணை. மேல்படிப்புக்கு மொரப்பூரில் ரயிலேறிப் பல்கலைக்கழகத்துக்குப் போனான். சரித்திரத் துறையில், "இது பூகோளம், எதிர்க் கட்டடத்துக்குப் போ" என்றார்கள். எதிர்க் கட்டடத்தில், "நீ சரித்திரம் படிச்சவன், இங்கே இடமில்லை" என்றார்கள். திரும்பி வந்தவனிடம், என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"ரெண்டு கட்டடத்துக்கும் நடுவுல ஒரு வேப்பமரம் இருக்குது. நல்ல நெழலு" என்றான்.

பிறகு மழை பொய்த்தது. கிணறுகள் வறண்டன, மாடுகளை அடிமாட்டுக்கு ஓட்டினார்கள். சர்க்கார் பஞ்ச நிவாரணத்துக்கு ரோடு போட்டது. ஜல்லி உடைத்துப் பெட்டியில் நிரப்பினால் கூலி. பசித்த ஜனங்கள் கையில் கிடைத்த கல்லையெல்லாம் உடைத்தார்கள். கும்பிடாத நடுகல்லும் அவர்களுக்குக் கல்தான்.

கணவாய் அதே வேலையில் மேஸ்திரிக்கு உதவியாளாகச் சேர்ந்தான். சாமி என்று உடைக்காமல் விடட்டும் என்று முதலில் ஒரு கல்லுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துப் பார்த்தான். காவேரியக்கா என்று ஒருத்தி, உடைக்கிற பெண்களுக்கெல்லாம் தலைவி, இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்: "ஏங்கண்ணு, நீ சிலுவக்காரப் பையன். நீ வச்ச பொட்டு செல்லுமா?"

அடுத்த ஞாயிறு அவன் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனான். கல்லுக்குப் பொட்டு வைத்த பாவத்துக்கு என்ன தண்டனை என்று ஃபாதருக்கே தெரியவில்லையாம்.

மேஸ்திரி நல்ல மனிதர். "கல்ல அந்தாண்ட உருட்டி வச்சிட்டுப் போயேம்ப்பா" என்றார்.

"உருட்டிட்டா அது வெறும் கல்லுங்க. அவன் செத்தது இந்த எடத்துல."

"அவன் என்னைக்கோ செத்தான். எம் புள்ளைங்க இன்னைக்குச் சாவுதுங்களே" என்றாள் காவேரியக்கா.

அவன், "அந்தக் கல்லுல எவ்ளோ ஜல்லி வரும்னு சொல்லுங்க்கா. அத நான் ஒடச்சுத் தரேன்" என்று சுத்தியலை எடுத்தான். எங்கிருந்தோ பாறைத் துண்டுகளைச் சுமந்து வந்து உடைத்தான். பேனாவைத் தவிர எதையும் பிடிக்காத கை. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவன் ஒரு கல்லுக்கு உடைத்தான், அடுத்ததற்கும் உடைத்தான். ஒரு சில்லு தெறித்து இடது கண்ணில் ஏறியது. பெட்டி நிரம்பட்டும் என்று துணியைக் கட்டிக்கொண்டு மேலும் உடைத்திருக்கிறான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது கண் போய்விட்டிருந்தது.

நான் பார்க்கப் போனேன். அவனுடைய அம்மா சுவரைப் பார்த்தபடி அழுதுகொண்டிருந்தார். அவன் என்னிடம், "சர்வே பண்றப்ப ஒரு கண்ண மூடிக்கிட்டுத்தானடா பாக்கணும்? எனக்கு மூடற வேல மிச்சம்" என்றான். நான் சிரித்தேன். சிரிக்காவிட்டால் அவன் வருத்தப்படுவான்.

மேப்பை முடித்து, பிரதி எடுத்து, முன்பு போன இரண்டு துறைகளுக்கும் அனுப்பினான். இரண்டும் திரும்பி வந்தன. எழுபதுகள் முடிவதற்குள் மஞ்சள் காமாலையில் போய்விட்டான்.

கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் அதிகமில்லை. ஜெபம் நடக்கும்போது காவேரியக்காவும் நாலைந்து பெண்களும் வந்தார்கள். எங்கே நிற்பது என்று தெரியாமல் வேலியோரம் நின்றார்கள். குழி மூடியதும் என்னிடம் வந்தாள்.

"தம்பி, அந்தக் கல்லுங்கள நாங்க யாரும் தொடலைங்க. பொறவு வந்த மேஸ்திரி ஒடைக்கச் சொன்னாரு. இதுக்குக் கூலி குடுத்தாச்சுன்னு சொல்லிட்டோம்."

அந்த ரோடு இப்போதும் இருக்கிறது, அதன் இடது ஓரத்தில் அந்தக் கற்களும். அதில் பஸ்ஸில் போனால் நான் இடது பக்க ஜன்னலில்தான் உட்காருவேன். அது கிடைக்காவிட்டால் இறங்கி அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பேன். கண்டக்டர்கள், பெரியவருக்குக் காற்று வேண்டும்போல என்று நினைத்துக்கொள்கிறார்கள்.