வரைந்த ஜன்னலுக்கு வணக்கம் சொல்கிறவர்கள்

ரோக்காவெர்னா,
செப்டம்பர் 14

அன்புத் தங்கை எர்சிலியாவுக்கு அண்ணன் ஒட்டாவியோ எழுதிக்கொண்டது. டூரினில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகமாக இல்லை. அதனால் உங்கள் மாடியறையை ஒழித்து வை. மாதக் கடைசியில் ஒரேயடியாக அங்கே வந்துவிடுகிறேன். இந்த ஊரில் இனி மனுஷன் இருக்க முடியாது.

எல்லாம் அந்த ஜன்னலால் வந்த வினை. நம் வீட்டுக் கடல்பக்கச் சுவரில் நிஜ ஜன்னல் இரண்டு, அழகுக்கு வரைந்தது ஒன்று என்பது உனக்குத் தெரியும். வசந்தத்தில் சுவருக்கு வர்ணம் புதுப்பிக்க, சுவர்ச் சித்திரம் வரைகிற டாரியோ சாரம் கட்டி ஏறினான். "மாமா, பொய் ஜன்னல மூடின மாதிரியே வரையட்டுமா?" என்றான். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "தொறந்து வை, உள்ள உங்க நீவெஸ் அத்தைய நிக்க வை" என்று சொல்லித் தொலைத்தேன். என் பெண்டாட்டி கண்ணை மூடி மூன்று வருஷமாகிறது, சுவரிலாவது இருக்கட்டுமே என்று ஓர் ஆசை. பாவி, உயிரோடு நிறுத்திவிட்டான், என்னைத் திட்டப்போகிற அதே வாயோடு.

அன்றைக்குப் பிடித்த தொல்லை. படகைவிட்டு இறங்குகிற வெளியூர்க் கூட்டம் நேராக நம் சுவரடிக்கு வந்து, அண்ணாந்து வணக்கம் சொல்லிக் கையாட்டுகிறது, அவள் பதில் சொல்லவில்லையென்றால் என் கதவைத் தட்டுகிறது, போன செவ்வாய்க்கிழமை நெத்திலி ஆய்ந்துகொண்டிருக்கிறேன், ஒரு ஜெர்மன் குடும்பம் உள்ளே வந்து நாலு நாற்காலியிலும் உட்கார்ந்துகொண்டது, சாப்பாட்டுக்கடை என்று நினைப்பு, மேஜையில் உட்கார்ந்தவர்களை எழுப்புவது நம் வீட்டில் வழக்கமில்லையே, இருந்த மீனையெல்லாம் பொரித்துப் போட்டேன், அந்த அம்மாள் மேலே கையைக் காட்டி "உங்க மனைவி சாப்பிட வரலையா?" என்கிறாள். "கோவமா இருக்கா" என்றேன். வேறென்ன சொல்ல?

எதிர்வீட்டு பினூச்சா வேறு சும்மா இருக்கிறாளா? "ஏன்யா, வெளியூர்க்காரனுக்கு ஊர் ஊரா காட்ட நாப்பது வருஷம் படகு ஓட்டினியே, அவள ஒரு நாளாவது ஏத்திட்டுப் போனியா? இப்ப சுவத்துல நிக்க வெச்சு உலகத்துக்கே காட்டுற!" என்று கத்துகிறாள். அது உண்மைதான், எர்சிலியா. அதுதான் குத்துகிறது. வெறும் சுண்ணாம்புச் சுவத்தோட பேசுதே இந்த வெளியூர்க் கூட்டம், அறிவிருக்கிற ஜனங்களா இதுங்க? இதையே பாத்துக்கிட்டு எத்தனை நாள் இருக்கிறது? வீட்டப் பூட்டிட்டு வந்துடறேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தம். மாதா உங்கள் எல்லோர் பக்கத்திலும் இருக்கட்டும்.

உன் அண்ணன்,
ஒட்டாவியோ

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கொடியில் கிடந்த துணியை எடுக்க வெளியே ஓடினேன். அண்ணாந்து பார்த்தால் ஜன்னல் திறந்தே இருக்கிறது. "ஏ நீவெஸ், சாரல் அடிக்குது, ஜன்னல சாத்துடி!" என்று தெருவெல்லாம் கேட்கக் கத்திவிட்டேன். கத்தின பிறகுதான் உறைத்தது. குடை பிடித்து நின்ற வெளியூர்க்காரர்கள் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. அவர்களும் அண்ணாந்து, அவள் சாத்துவாளா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் நனைந்துகொண்டே பார்த்தேன். மாடியறையை ஒழிக்க வேண்டாம், தங்கச்சி. நான் அங்க வந்துட்டா, மழை வரும்போது அவளுக்குக் குரல் கொடுக்க இங்க யார் இருக்கா?