பூட்டுக்காரர் பாஸ்வேர்டு தேடிய படலம்

கேளுங்கள், ஒரு கையில் போனை வைத்துக்கொண்டே மறுகையால் உலகை நடத்தும் பெருமக்களே! இரும்பின் இறுமாப்பை அடக்கியவரை, எஃகின் பிடிவாதத்தைத் தளர்த்தியவரை, வளைந்த கம்பி ஒன்றையே வாளாகவும் வேலாகவும் ஏந்தி, சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் பிதுங்கப் பிதுங்க விழித்து நின்ற குடும்பங்களைக் குழந்தை குட்டிகளோடு வீட்டுக்குள் சேர்ப்பித்தவரை, பீரோக்களின் பெரும்பகைவரை, கடைத்தெருக் கோடியில் ஆறடிக்கு எட்டடிக் கடையில் கொலுவீற்றிருக்கும் பூட்டுக்காரரைப் பாடப் புகுந்தேன். அவர் கைபட்டுத் திறக்காத பூட்டு அந்த ஊரிலேயே கிடையாது. ஒன்றே ஒன்று இருந்தது. அதைப் பற்றித்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

போர் மூண்ட நாளில் காலை மணி பதினொன்று. பக்கத்துப் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை, அலமாரிச் சாவிக்கு மறுசாவி வேண்டி வந்து நின்றார். சாவி வெட்டும் இயந்திரம் சிங்கமெனக் கர்ஜிக்க, பொறிகள் பறக்க, வீரரின் வலக்கை தன் கடமையைச் செய்தது. இடக்கையின் கட்டைவிரலோ, பக்கத்தில் கிடந்த போனின் திரையை மேலே மேலே தள்ளிக்கொண்டிருந்தது. முன்பின் தெரியாத ஒருவர் பல்லால் லாரி இழுத்தார். யாரோ ஒருவருடைய பூனை குளித்தது. எவரோ எவரையோ திட்ட, அதற்கு நானூறு பேர் பதில் திட்டு திட்டியிருந்தார்கள். அத்தனையையும் கண்ணுற்று முடிந்தபோது சாவி பாழாகியிருந்தது. இரண்டாவதும் பாழ். மூன்றாவது சாவியைப் பார்த்தால் மீன்முள் தோற்றுப்போகும்.

தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியை இறக்கினார்.

"ஸ்கூல்ல பசங்க கையிலேருந்து நான் புடுங்கி வெக்கிறதே இந்தச் சனியனைத்தான். உங்க கையிலேருந்து யார் புடுங்குறது?"

அதற்குரிய ஆள் கடையிலேயே இருந்தார். பூட்டுக்காரரின் மனைவி, கடையின் சேனாதிபதி, இருபது வருடமாக வாடிக்கையாளரையும் வீட்டுக்காரரையும் ஒரே பார்வையில் மேய்த்துவருபவர், நாற்காலியை விட்டு எழுந்து பிரகடனம் செய்தார்: "இன்னிக்கு ஒண்ணு போன்ல இருக்கிற அந்த அக்கவுண்ட் போகணும், இல்ல நான் போகணும். ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லிடுங்க."

வீரர் மார்பை நிமிர்த்தினார். எட்டுத் திக்கும் அதிரத் தம் சபதத்தை முழங்கினார்: "சரி விடு. மூடித் தொலைக்கிறேன்."

சொல்லிவிட்டாரே தவிர, நெஞ்சுக்குள் இரண்டு படைகள் எதிரெதிரே வந்து நின்றுவிட்டன. ஒழி, ஒழி என்று ஆர்ப்பரித்து வந்த படையில் பாழாய்ப்போன சாவிகளும், சிவந்த கண்களும், ஆறவிட்டுக் குடித்த தேநீர்களும், பல்லால் லாரி இழுப்பவரும் அணிவகுத்தனர். எதிர்ப்படையில் நின்றது ஒரே ஒருவர். அந்த ஒருவரைக் கண்டு இத்தனை பெரிய படையும் தயங்கியது. அவர் பூட்டுக்காரரின் அக்கா.

அக்காவோடு பேச்சு நின்று பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. ஐம்பத்திரண்டு வயதில் கார் ஓட்டக் கற்று, உரிமம் வாங்கி, பச்சை நிறக் கார் ஒன்றின்மேல் கைவைத்து நின்று அக்கா ஒரு படம் போட்டார். கண்டதும் பெருமை பொங்க, ஹார்ட் போடப் பாய்ந்தது தம்பியின் விரல். ஐயோ, அந்த விரலில் கிரீஸ்! வழுக்கிய விரல் பக்கத்திலிருந்த சிரிப்பு மூஞ்சியில் போய் விழுந்தது. கண்ணில் நீர் வரச் சிரிக்குமே, அந்த மூஞ்சி. சாயங்காலம்தான் அவர் அதைக் கவனித்தார். பதறி அழித்தார். அதற்குள் அக்கா பார்த்துவிட்டிருந்தார். விளக்கம் சொல்ல வெட்கப்பட்டுத் தம்பி இருக்க, விளக்கம் கேட்க ரோஷப்பட்டு அக்கா இருக்க, எட்டே பேருந்து நிறுத்தம் தள்ளியிருந்த இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு கடல் வந்து படுத்துக்கொண்டது. அதன்பின் அக்கா போட்ட எந்தப் படத்தின்மேலும் அவர் விரல் வைத்ததில்லை. ஆனால் தினமும் நான்கு மணிக்கு, தேநீர் டம்ளரோடு கடைக்குப் பின்னால் போய், அன்றைய படத்தைப் பார்த்துவிட்டு வருவார். ஒரு நாள் மாடித் தொட்டிச் செடி, ஒரு நாள் மாமாவின் புது மூக்குக்கண்ணாடி, ஒரு நாள் காரின் கதவில் விழுந்த சொட்டை. அக்கா நன்றாக இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள அவருக்கு வேறு வழி கிடையாது. கணக்கை மூடினால் அதுவும் போயிற்று. இதை மனைவியிடம் சொல்லவும் வாய் வரவில்லை.

சபதம் சபதம்தான். பூட்டுக்காரர் போனை எடுத்து முதல் கோட்டைவாயிலைத் தாக்கினார். 'நிச்சயமாகத்தானா?' என்று கேட்டது செயலி. ஆம் என்றார். 'சில நாள் ஓய்வெடுத்துப் பார்க்கலாமே?' என்று கெஞ்சியது. மாட்டேன் என்றார். உடனே அந்த வஞ்சகச் செயலி தன் கடைசி அஸ்திரத்தை ஏவியது. 'இவர் உங்களைத் தேடுவாரே!' என்று சொல்லி ஒரு முகத்தைக் காட்டியது. பச்சைக் கார். அக்கா. மனைவி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்ததால், கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார்.

'பாஸ்வேர்டைத் தரவும்' என்றது செயலி.

அண்டசராசரமும் ஒரு கணம் நின்றது. ஊர்ப் பூட்டையெல்லாம் திறந்த மாவீரருக்குச் சொந்தப் பூட்டின் சாவி தெரியவில்லை! ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூட வெளியே வந்திருந்தால்தானே திரும்ப உள்ளே நுழைய அது தேவைப்படும். கடையின் பெயரைப் போட்டார். தப்பு. மகளின் பிறந்தநாளைப் போட்டார். தப்பு. மனைவி பார்க்கிறாரே என்று மனைவியின் பெயரையும் போட்டுப் பார்த்தார். அதுவும் தப்பு. அந்தத் தப்புக்கு மட்டும் பின்னாலிருந்து தனியாக ஒரு பார்வை கிடைத்தது.

கடைசியில் செயலியே இரக்கப்பட்டு, ஆறு இலக்க ரகசிய எண் ஒன்றை, 47 என முடியும் போனுக்கு அனுப்புவதாக அறிவித்தது. நாற்பத்தேழு! ஒன்பது வருடத்துக்கு முன், தம்பி முதன்முதலாக டச் போன் வாங்கி விழித்துக்கொண்டிருந்தபோது, தன் சோபாவில் பக்கத்தில் உட்காரவைத்து, தன் எண்ணையே கொடுத்து, இந்தக் கணக்கைத் திறந்து தந்தவர் அக்காதான். இப்போது அக்காவிடம் கேட்டால்தான் எண். அக்காவிடம் எந்த முகத்தோடு கேட்பது? கேட்கத் துணிவில்லாமல் விரல் மறுபடி அழுத்தியது. இன்னொரு எண் போயிற்று. மறுபடியும் அழுத்தியது. அப்படி ஏழு தடவை அம்பு விட்டுவிட்டு அவர் நெற்றியைத் துடைத்தபோது, போன் அலறியது.

திரையில் 'அக்கா' என்று இருந்தது. எடுத்துக் காதில் வைத்தார்.

"டேய், நான்தான். வெச்சுடாத. உன் அக்கவுண்ட்டுக்குள்ள எவனோ பூந்துட்டான்டா. எனக்கு நம்பர் நம்பரா வந்துட்டே இருக்கு. நான் எவனுக்கும் குடுக்க மாட்டேன், நீ பயப்படாத."

"அக்கா..."

"பேசாமதான் இருந்தேன், இல்லேங்கல. அதுக்குன்னு உன்கிட்ட ஒருத்தன் திருடுறதை வேடிக்கை பார்ப்பேனா?"

"திருடன் இல்லக்கா, நான்தான். மூடிடலாம்னு பார்த்தேன். பாஸ்வேர்டு தெரியல."

மறுமுனையில் ஒரு சிரிப்பு வெடித்தது. கடையில் தொங்கிய சாவிகள் குலுங்கியிருக்கும், அப்படிச் சிரித்தார் அக்கா. "பூட்டுக்காரனுக்கா தெரியல?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஓயும் முன்னே, பதினான்கு மாதம் நெஞ்சில் சிக்கிக்கிடந்ததைத் தம்பி ஒரே மூச்சில் கொட்டினார்.

"அன்னிக்கு நான் சிரிக்கலக்கா. விரல்ல கிரீஸு. ஹார்ட் போடத்தான் வந்தேன், வழுக்கிடுச்சு. சத்தியமா."

"மூணு தடவை ஃபெயில் ஆனேன்டா நான். யாருக்கும் சொல்லல. நாலாவது தடவை பாஸ் பண்ணிப் போட்டோ போட்டா, மொத ஆளா நீ வந்து சிரிக்கிற." அக்கா விடவில்லை. "கிரீஸுன்னு சொல்றதுக்குப் பதினாலு மாசமா?"

"நீ கேப்பேன்னு நெனச்சேன்."

"நீ சொல்லுவேன்னு நான் நெனச்சேன். ஆமா, இப்ப எதுக்கு மூடுற?"

"சாவியெல்லாம் தப்பா வெட்டுறேன்."

"நீ மூடிட்டா நான் யாருக்குடா போட்டோ போடுறது? டெய்லி நாலு மணிக்கு ஏன் போடுறேன்னு நெனச்ச? உன் டீ டைம் எனக்குத் தெரியாதா?"

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மனைவி, சேனாதிபதிப் பதவியைச் சற்றே இறக்கிவைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். ஏழு ரகசிய எண்களும் காலாவதியாகிப் போயின. அவற்றைச் சீந்துவார் யாருமில்லை. அக்காவோ, வாசல் கதவுப் பூட்டு சிக்கி ஆறு மாதமாகிறது, பின்வாசல் வழியாகத்தான் போய்வருகிறோம் என்று வேறு கதைக்குப் போயிருந்தார்.

"வேற யாரையாவது கூப்பிட்டிருக்கலாமேக்கா."

"வேற ஆளையா? வாயில அடி. ஞாயித்துக்கிழமை நானே வண்டி எடுத்துட்டு வந்து உங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறேன். நான் ஓட்டுறதைப் பார்த்துச் சிரிச்சே, நடு ரோட்டுல இறக்கி விட்டுருவேன்."

உடன்படிக்கை அங்கேயே, அப்போதே எழுதாமல் எழுதப்பட்டது. இயந்திரம் சுழலும் வேளையெல்லாம் போன் மனைவியின் மேசை இழுப்பறையில் சிறையிருக்கும். மாலை நான்கு மணிக்குத் தேநீரோடு விடுதலை பெறும். நாலேகாலுக்கு மீண்டும் சிறை புகும். தலைமையாசிரியையின் சாவி நான்காம் முறை, மயிரிழை பிசகாமல் அமைந்தது. ஞாயிறு பிறந்தது. பச்சைத் தேர் ஏறி, இரு கையாலும் இருக்கையைப் பற்றிக்கொண்டு, மறந்தும் பல் தெரியாமல் எட்டு நிறுத்தங்களைக் கடந்த மாவீரர், கம்பியேந்தி, எண்ணெய்க்குப்பி தாங்கி, ஆறு மாதம் அசையாதிருந்த வாசற்பூட்டின் முன் மண்டியிட்டு அதை வென்று எழுந்தார். அந்த வெற்றித் திருக்கோலத்தைத் திறந்த கதவோடு சேர்த்துப் படம்பிடித்து, சரியாக நான்கு மணிக்கு அக்கா உலகுக்கு அறிவித்தார்.

பூட்டுக்காரர் கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு வந்து, ஒரு ஹார்ட் போட்டார்.