சொட்டாத குழாயின் கீர்த்தி

மனிதனுக்கு உணவு, உடை, உறைவிடம் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலாம் வருஷம் மயிலாப்பூர், மந்தைவெளி வட்டாரத்தில் நான்காவதாக ஒன்று சேர்ந்துகொண்டது. அதற்குப் பொது அறிவு என்று பெயர்.

'தகவல் தேனீ' என்று ஒரு வாரப் பத்திரிகை. அதன் கடைசிப் பக்கத்தில் 'அட, அப்படியா!' என்ற தலைப்பில் துணுக்குகள் வரும். வினை அங்கேதான் ஆரம்பித்தது. முடிவெட்டுகிறவர் ஒரு கன்னத்தை மழித்துவிட்டு, "நத்தைக்குப் பல்லு எத்தினி, சொல்லு பாப்போம்" என்று கத்தியோடு நிற்பார். ஆயிரக்கணக்கில் என்று சொன்னால்தான் மறு கன்னம். பெண் பார்க்க வந்தவர்கள் பாடத் தெரியுமா என்று கேட்பதை விட்டுவிட்டு, ஆக்டோபஸுக்கு இதயம் எத்தனை என்று கேட்டார்கள். மூன்று என்று சொன்ன பெண்ணுக்கு அந்த மாதமே முகூர்த்தம் வைத்தார்கள்.

நானும் பின்தங்கவில்லை. பி.ஏ. முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்ததால் அறிவுக்கு வேண்டிய அவகாசம் இருந்தது. ஆனால் நான் பேனா எடுப்பதற்குள் உலகத்து மிருகங்களையெல்லாம் மற்றவர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள். எனக்கென்று ஒரு கரப்பான்பூச்சி கூட மிச்சமில்லை.

இந்த நிலையில்தான் தங்கபுஷ்பம் அம்மாள் என்னிடம் ஒரு மனு எழுதித் தரச் சொன்னார்.

மந்தைவெளியில் ஆனைக்காரப் பிள்ளை சந்து முனையில் அவருக்கு இட்லிக் கடை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கடை வாசலில் குடிநீர் இலாகா ஒரு குழாய் நட்டிருந்தது. நட்ட அன்று அதற்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்து, மூன்று பேர் சொற்பொழிவாற்றினார்கள். ஒன்பது வருஷமாயிற்று. தேங்காய்த் தண்ணீர் தவிர வேறு தண்ணீர் அந்த இடத்தில் விழவில்லை. அம்மாள் விடியுமுன் எழுந்து, மூன்றாவது தெருவில் இருக்கும் அடிபம்பிலிருந்து பன்னிரண்டு குடம் இடுப்பில் சுமந்து வந்துதான் அடுப்பு மூட்ட வேண்டும்.

"இடுப்பு விட்டுப் போச்சு தம்பி. இன்னும் ஒரு வருசம் சுமந்தா நான் கடையைக் கட்டிட்டு ஊருக்குப் போகவேண்டியதுதான். நல்ல தமிழா ஒரு மனு எழுதுதீங்களா?"

முன்பே நாலு மனு எழுதியிருந்தேன். ஐந்தாவதை எழுத உட்கார்ந்து, முதல் வரியை எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். 'நிறுவப்பட்ட நாள் முதல் ஒன்பது ஆண்டுகளாக ஒரு சொட்டும் தண்ணீர் விடாத குழாய் மந்தைவெளி ஆனைக்காரப் பிள்ளை சந்தில் உள்ளது.'

அட, அப்படியா!

மனுவை நிறுத்திவிட்டு, அந்த வரியை மட்டும் ஒரு கார்டில் எழுதித் தபாலில் சேர்த்தேன். அடுத்த இதழில் கட்டம் கட்டிப் போட்டார்கள். கீழே 'மயிலை ரகுபதி' என்று என் பெயர்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அடையாறிலிருந்து ஒரு குடும்பம் வந்து குழாயைத் திருகிப் பார்த்துவிட்டு, "நெஜம்தாண்டி!" என்று பூரித்துப் போயிற்று. மறுவாரம் தி.நகரிலிருந்து ஒரு பள்ளிக்கூடமே வரிசையில் வந்தது.

புதன்கிழமை இலாகாவிலிருந்து உதவி அதிகாரி ஸ்ரீனிவாசராகவன் வந்தார். பின்னாலேயே வால்வு திருகும் பெரிய இரும்புச் சாவியைத் தோளில் சாத்திக்கொண்டு ஃபிட்டர் கபாலி. தங்கபுஷ்பம் அம்மாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"ஐயா, தண்ணி விடப் போறீங்களா?"

"அம்மா, ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்திலே எத்தனை எலும்பு தெரியுமா?"

"எனக்கு இருந்ததே தேஞ்சு போச்சுய்யா, குடம் தூக்கி."

"ஏழு! நமக்கும் ஏழுதான். ஆச்சரியமா இல்லை?"

கபாலி குனிந்து, சந்து முனையில் இருந்த இரும்பு மூடியைத் திறந்து பார்த்தான். "சார், லைன் நல்லாக் கீது. வால்வுதான் மூடிக்கினு கீது. ரெண்டு சுத்து சுத்துனா தண்ணி பிச்சிக்கினு வரும்."

"ஒன்பது வருஷமா ஏன் திறக்கலை?"

"மூடச் சொல்லி ஆர்டர் வந்துச்சு, மூடுனோம். தொறக்கச் சொல்லி எவன் ஆர்டர் போட்டான்?"

ஸ்ரீனிவாசராகவன் சட்டைப்பையிலிருந்து துணுக்கை எடுத்து ஒரு முறை படித்துக்கொண்டார்.

"இப்போ திறந்தா, பிரசுரமான தகவல் பொய்யாகிவிடும். நம்ம இலாகா பேர் பத்திரிகையிலே நல்லபடியா வந்தது இதுதான் முதல் தடவை."

"நல்லபடியாவாய்யா?" என்றார் தங்கபுஷ்பம்.

"ஒன்பது வருஷம் ஒரு கொள்கையிலே உறுதியா நிக்கிறது சாதாரண விஷயமா அம்மா?"

அன்று சாயங்காலம் குழாயைச் சுற்றி முள்வேலி போடப்பட்டது. 'பொது அறிவுச் சின்னம். திருகாதீர்கள்' என்று பலகையும் வந்தது.

அடுத்த மாதம் அதே இலாகாவில் இருபத்து மூன்று குமாஸ்தா வேலைக்குப் பரீட்சை வைத்தார்கள். கேள்வித்தாள் தயாரித்தவர் ஸ்ரீனிவாசராகவன். பதினேழாவது கேள்வி: 'சென்னையில் தண்ணீர் வராத குழாய் எந்தச் சந்தில் உள்ளது?' 'எல்லாச் சந்திலும்' என்று எழுதியவர்களுக்குப் பூஜ்யம். நான் சரியான விடை எழுதினேன். ஒரே ஒரு மதிப்பெண்ணில் இருபத்து மூன்றாவது ஆளாகத் தேறினேன். பட்டியல் ஒட்டிவிட்டார்கள். ஆர்டர் மட்டும் தபாலில் வரவேண்டும்.

கபாலிக்குத் தினமும் காலை இட்லி தங்கபுஷ்பம் கடையில்தான். ஒரு நாள் அவர் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, நிமிர முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை அவன் பார்த்துவிட்டான்.

"கம்னு இரு யக்கா. நாளைக்குக் காலீல தண்ணி வரும். நான் தொறந்தேன்னு எவன்கிட்டயும் சொல்லாத."

வந்தது. முதலில் குழாய் இருமிற்று. பிறகு காற்று, பிறகு துரு, பிறகு தண்ணீர். அம்மாள் வேலிக்குள் கையை நுழைத்து, தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். அப்புறம்தான் குடம் ஞாபகம் வந்தது.

நாலு குடம் நிறைந்திருக்கும். அதற்குள் கோடம்பாக்கத்திலிருந்து ஒரு குடும்பம் குழாயைப் பார்க்க வந்துவிட்டது.

"என்னம்மா இது! ரெண்டு பஸ் மாறி வந்திருக்கோம். இதுலயும் தண்ணி வருதே! இதைப் பாக்கவா வந்தோம்?"

செய்தி பரவிவிட்டது. அரைமணியில் ஸ்ரீனிவாசராகவன் சைக்கிளில் வந்தார். அவருக்கு முன்னால் நாங்கள் வந்துவிட்டோம். நாங்கள் என்றால், தேறியவர்கள்.

"சார், தண்ணி வந்தா பதினேழாவது விடை தப்பாயிடும்!" என்றான் முதல் ஆளாகத் தேறிய கஸ்தூரிரங்கன். "அப்புறம் தோத்தவனெல்லாம் கேஸ் போடுவான்!"

"ஒருத்தர் வேலைக்கும் ஆபத்து வராது" என்று ஸ்ரீனிவாசராகவன் கையமர்த்தினார். "விடைத்தாளை இனி மாற்ற முடியாது. ஆகவே குழாயைத்தான் மாற்றவேண்டும். கபாலி, மூடு."

கபாலி சாவியைத் தரையில் போட்டான். "தொறந்த கையால மூட மாட்டேன். அடையாறுக்கு மாத்து, ஆவடிக்கு மாத்து, எனக்கின்னா? வோணும்னா இவுங்கள்ல ஒர்த்தன் மூடிக்கட்டும்."

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசி மதிப்பெண்ணில் தேறியவன் யார் என்று எல்லாருக்கும் தெரியும். நான் அதிகம் பேசாதவன். சாவியை எடுத்தேன்.

"தம்பி, இந்த அஞ்சாவது குடம் ரொம்புற மட்டுமாவது நில்லுங்களேன்."

"ஆர்டர் கைக்கு வரட்டும்மா. வந்ததும் முதல் வேலையா உங்க மனுதான்" என்று மெதுவாகச் சொன்னேன். மெதுவாகத்தான் திருகினேன். ரெண்டு சுற்று. கபாலி சொன்ன கணக்கு சரியாக இருந்தது.

இனி எந்தக் கபாலியும் திறக்கக்கூடாது என்பதற்காக இலாகா ஆழ்ந்து யோசித்தது. சந்து வால்வை மட்டும் மூடினால் போதாது, அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் பெரிய வால்வையும் மூடி, மேலே சிமெண்ட் பூசிவிடுவது என்று தீர்மானமாயிற்று. தீர்மானத்தைச் சுத்தப் பிரதி எடுத்தவன் நான். அதுதான் இலாகாவில் என் முதல் வேலை.

சிமெண்ட் காய்ந்த பிறகுதான் தெரிந்தது: அந்தப் பெரிய வால்விலிருந்து சந்துக்கு மட்டுமல்ல, பக்கத்து ஆறு தெருவுக்கும் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அதில் நாலாவது தெருவில் என் வீடு. ஐந்தாவதில் ஸ்ரீனிவாசராகவன் வீடு. முடிவெட்டுகிறவர் கடையும், மூன்று இதயம் என்று சொன்ன பெண் வாழ்க்கைப்பட்ட வீடும் ஆறாவதில்.

மறுநாள் விடியற்காலை மூன்றாவது தெரு அடிபம்பில் வரிசை கோயில் வரைக்கும் நின்றது. எல்லாருக்கும் முன்னால் தங்கபுஷ்பம் அம்மாள். ஒன்பது வருஷப் பழக்கம், அவரை யார் முந்த முடியும்? அவருக்குப் பின்னால் ஸ்ரீனிவாசராகவன், கையில் பித்தளை வாளியோடு. அவருக்குப் பின்னால் நான்.

"மிஸ்டர் ரகுபதி" என்று திரும்பினார் அதிகாரி. முகத்தில் வருத்தத்தின் சாயல் கூட இல்லை. "கவனிச்சேளா? இப்போ ஏழு இடத்திலே தண்ணி வராது. தகவலைத் திருத்தி அனுப்பிடுங்கோ."

"இன்னிக்கே அனுப்பிடறேன் சார்."

"இன்னொண்ணு தெரியுமோ? தாகமெடுத்த ஒட்டகம் கால்மணி நேரத்திலே நூறு லிட்டர் தண்ணி குடிக்குமாம்!"

"அட, அப்படியா!" என்றது வரிசை, முன்னிருந்து பின் வரைக்கும். கையில் காலிப் பாத்திரத்தோடு ஒவ்வொருவரும் ஒட்டகத்தை எண்ணி வியந்தார்கள்.

தங்கபுஷ்பம் அம்மாள் பம்பு அடிப்பதை நிறுத்தவில்லை. அடித்துக்கொண்டே கேட்டார்:

"அந்த நூறு லிட்டரையும் ஒட்டகத்துக்கு யாருய்யா சுமந்தாங்க?"

அந்தத் தகவல் எந்தப் பத்திரிகையிலும் வந்திருக்கவில்லை.

அம்மாள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தார். ஸ்ரீனிவாசராகவன் வாளியைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"நல்ல கேள்வி. அடுத்த பரீட்சைக்கு ஆகும்" என்று குறித்துக்கொண்டார்.

விடை என்னவென்று பின்னாலிருந்த நான் அவர் காதில் மெதுவாகக் கேட்டேன்.