குத்துவிளக்கும் மரநாயும்

மரநாயின் எச்சத்தைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவேன். இன்று அது என் தொழில்முறைப் பெருமை. அந்தத் திறமை வந்த வழியைத்தான் வெளியே சொல்வதில்லை. இப்போது சொல்லப்போகிறேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம், எனக்கு ஒரு வெட்கமும் கிடையாது. (கொஞ்சம் இருக்கிறது.)

கல்லூரி முடித்த கையோடு ஒரு வனவிலங்குப் பாதுகாப்பு மையத்தில் மூன்று மாதப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். மழைக்காடு, அருவி, அட்டை, யானை என்று தோழிகளிடம் அளந்து விட்டிருந்தேன். எனக்குக் கிடைத்ததோ மாமல்லபுரம் பக்கம் கடலோரமாகக் கிடந்த ஒரு துண்டுக் காடு. அதுவும் வெப்பமண்டலக் காடுதான், வருஷம் முழுக்கப் பச்சையாகத்தான் இருக்கும். மழைதான் எப்போதாவது எட்டிப் பார்க்கும். அட்டைக்குப் பதில் உண்ணி கடித்தது. யானைக்குப் பதில் மரநாய்.

தினமும் காலை ஆறு மணிக்கு வழிகாட்டி ஏகாம்பரம் அண்ணனோடு காட்டுக்குள் போவேன். விழுந்து கிடக்கும் மரங்களின் மேல் மரநாய் போட்டுவிட்டுப் போனதைக் கரண்டியால் எடுத்துப் பையில் போட்டு, இடமும் நேரமும் எழுதிச் சீட்டு வைக்க வேண்டும். பிறகு வெயிலில் காயவைத்து, டீ வடிகட்டியில் கழுவி, உள்ளே இருக்கும் கொட்டைகளைப் பார்த்து, அது என்ன பழம் தின்றது என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் கொட்டைகள்தான் நாளைக்குக் காட்டில் மரமாகும். இதை மறைமலைநகரில் எங்கள் வீட்டில் சொன்னால் யார் கேட்டார்கள்?

"டிகிரி படிச்சிட்டு பீ பொறுக்கினுகீறியே, வெளிய சொல்ல முடியுதா?" என்பார் அப்பா. கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் சரக்குப் பரிசோதகர். தன் கம்பெனி ஆபீஸில் எனக்கு ஒரு நாற்காலி பேசி வைத்திருந்தார். ஒப்பந்தம் இதுதான்: பயிற்சியின் கடைசி நாளில் மையம் ஒரே ஒருவரை வேலைக்கு எடுக்கும். அது நானாக இருந்தால் காடு. இல்லையென்றால் திங்கட்கிழமை கம்பெனி பஸ்.

கடைசி வாரம் பார்த்துக் கடற்கரையில் விடாத சாரல். காயவைக்க வழியில்லாமல் என் எச்சங்களை வீட்டு மொட்டை மாடிக்குக் கொண்டுவந்து செய்தித்தாளில் பரப்பினேன். பக்கத்திலேயே இன்னொரு செய்தித்தாளில் அம்மா புளியைக் காயப் போட்டிருந்தார். உப்புப் போட்டு, அரைகுறையாகக் கொட்டை எடுத்து, உருண்டை உருண்டையாக. மதியம் மழை என்னைத் தேடிக்கொண்டு மறைமலைநகருக்கே வந்துவிட்டது. அம்மாவும் நானும் ஓடிப்போய் ஆளுக்கொரு பேப்பரை வாரிச் சுருட்டினோம். காற்றில் பறந்த என் சீட்டுகளைப் பொறுக்கி, நினைவில் இருந்த வரிசைப்படி பைகளில் போட்டேன். இப்படித்தான் அறிவியல் வளர்கிறது.

அன்று சாயங்காலம் பாதி உருண்டைகளைக் கழுவினேன். எல்லாவற்றிலும் புளியங்கொட்டை! அந்தக் காட்டில் ஒரு புளியமரம்கூடக் கிடையாது. மரநாய்கள் ஊருக்குள் நடந்துபோய்ப் புளி தின்றுவிட்டுத் திரும்புகின்றன என்று பன்னிரண்டு பக்கம் எழுதினேன். அம்புக்குறி போட்டு வரைபடம் வேறு.

கடைசி நாள், பயிற்சிக்கு வந்தவர்கள் கட்டுரை வாசிக்கும் கூட்டத்துக்கு அப்பாவும் லீவு போட்டுவிட்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். மையத்தின் தலைவியான மேடம் என் வரைபடத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கழுவாமல் வைத்திருந்த உருண்டை ஒன்றை ஏகாம்பரம் அண்ணன் கையில் எடுத்து முகர்ந்தார். அப்புறம் நாக்கில் வைத்தார்.

"ஐயோ அண்ணே, வாயில வெக்காதீங்க!"

"உப்பு கரிக்குதே பாப்பா," என்றார் நிதானமாக. "மரநாயி உப்பு போட்டா துன்னும்?"

அப்பாவும் எழுந்து வந்து ஒன்றைப் பிய்த்துப் பார்த்தார். "இது நம்ம வூட்டுப் புளி. அச்சரப்பாக்கம் சந்தையில நான் வாங்கியாந்தது."

கூடமே சிரித்தது. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்பாவும் சிரிக்க ஆரம்பித்தார், பாதியில் நிறுத்திவிட்டார். காலையில் அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரையை வரும் வழியில்தான் சாப்பிட்டு முடித்திருந்தார். உடனே வீட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"புளியோதரைக்கு ஜாடியில இருந்த பழைய புளிதான் போட்டேன்," என்றார் அம்மா. "பேப்பர்ல இருந்தது ஊறவே மாட்டேங்குது, வெறும் கொட்டை. அத்தெ வெச்சி குத்துவிளக்கு தேய்ச்சேன். இன்னா பளபளப்பு தெரியுமா!"

அப்பாவுக்கு உயிர் வந்தது. எனக்கும்தான், வேறு காரணத்துக்காக.

"அம்மா, தேய்ச்ச தண்ணி எங்க?"

"பக்கெட்டுல கீது. ஏன்?"

"கொட்டிடாத! ஒரு கொட்டையக்கூட கொட்டிடாத!"

"போதும்மா மானம் போனது," என்றார் அப்பா. "திங்கக்கிழமை பஸ் ஏறு."

அதுவரை எனக்கு அழுகைதான் வந்துகொண்டிருந்தது. அந்தப் பேச்சில் கோபம் வந்துவிட்டது. "உங்க கம்பெனியில சரக்கு மாறிப்போச்சின்னா இன்னா பண்ணுவீங்க? மறுபடி செக் பண்ணுவீங்களா, கம்பெனியையே இழுத்து மூடுவீங்களா?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டேன். மேடத்திடம் திரும்பி, "நான் எழுதினது தப்பு. திங்கக்கிழமை சரியானதைக் கொண்டு வரேன்," என்றேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அப்போ முடிவும் திங்கக்கிழமைதான்," என்று அடுத்தவரைக் கூப்பிட்டார்.

இரண்டு நாள் அந்த பக்கெட்டை வடிகட்டினேன். ஈச்சங்கொட்டை, நாவல் கொட்டை, எனக்குப் பெயர் தெரியாத ஒரு குட்டிக் கொட்டை. எது எந்த இடத்தில் கிடைத்தது என்று இனிமேல் சொல்ல முடியாது. ஆனால் எல்லாம் அந்தக் காட்டுடையவை. திங்கட்கிழமை காலை அப்பா கம்பெனி பஸ்ஸுக்கு நின்றபோது, அவர் நண்பர்கள் எல்லோரும் பார்க்க, பக்கெட்டோடு சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறினேன்.

மேடம் பக்கெட்டுக்குள் கைவிட்டு ஒரு பிடி கொட்டையை அள்ளிப் பார்த்தார். "கதை தப்பு. ஆள் இருக்கட்டும்," என்றார். கொட்டைகளை மையத்தின் நாற்றங்காலில் ஊன்றினோம். முளைத்த நாவல் கன்றுகள் இப்போது என் இடுப்பு உயரம்.

உண்மை தெரிந்த அம்மா குத்துவிளக்கை மூன்று தடவை கழுவினார், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யார் புளிக்குழம்பு பரிமாறினாலும் அப்பா கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எந்தப் பேப்பரு?" சொந்தக்காரர்களும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். போன கார்த்திகைக்கு முந்தின நாள் அம்மாவே போன் செய்தார்.

"நாளைக்கு விளக்கு தேய்க்கணும்டி. சாதாப் புளியில அந்தப் பளபளப்பு வர மாட்டேங்குது. வரும்போது உன் சரக்கு கொஞ்சம் எடுத்தாறியா?"

சீட்டு ஒட்டி எடுத்து வருகிறேன் என்றேன்.