எழுதினவன் அமுக்கக் கூடாது

ஒன்பதாவது நாளாகவும் திரையில் அவர் பெயர்தான் வந்தது.

“பாத்திரம் உங்களுக்குத்தாங்க,” என்று மனைவி டேப்லெட்டைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே நீட்டினாள். ஒரு மாதமாக வந்து தங்கியிருக்கும் மாமனார் சாப்பாட்டு மேஜையில் பேப்பரைப் புரட்டினார்.

பாத்திரம் யார் தேய்ப்பது என்ற சண்டையை ஒழிக்க அந்தக் குலுக்கல் பக்கத்தை எழுதியவரே அவர்தான். பதினாறு வருட புரோகிராமர். பொத்தானை அமுக்கினால் இருவரில் ஒருவர் பெயர் வரும். எழுதினவன் அமுக்கக் கூடாது, பக்கத்தில்கூட நிற்கக் கூடாது என்பது அவர் ஆபீஸ் சட்டம். வீட்டிலும் அதுவே.

தேய்த்துக்கொண்டிருந்தபோது பொறி தட்டியது. பிரவுசர் தருவது நிஜக் குலுக்கல் இல்லையே. ஒரு நம்பரைப் பிசைந்துதான் அடுத்ததைச் செய்கிறது. வரிசையாகச் சிலதைப் பார்த்தவர்கள் அடுத்ததைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். மனைவியோ கணக்கு டீச்சர்.

“உன் வேலையைக் கண்டுபிடிச்சுட்டேன். என் பேர் வர்ற நேரம் பார்த்து அமுக்குறே.”

“எனக்குப் பரீட்சைப் பேப்பர் திருத்தவே நேரமில்லை. இதுல இது வேறயா?”

மறுநாள் கடிகார நேரத்தையும் அந்த நம்பரோடு கலந்தார். “இன்னிக்கும் என் பேர் வந்தா அடுப்பையும் துடைக்கிறேன்.”

துடைத்தார்.

அடுத்த நாள் திரையில் விரல் படும் இடத்தையும் கலந்தார். குளியலறையும் அவர் தலையில் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெரிய ஆயுதத்தையே எடுத்தார். பேங்க்குகள் நம்புகிற, யாராலும் ஊகிக்க முடியாத நம்பர். லட்சம் தடவை ஓட்டிப் பார்த்தார். இருவருக்கும் சரிபாதி.

“இன்னிக்கு என் பேர் வந்தா ஒரு வருஷம் எல்லாமே நான். வரலைன்னா நீ.”

“எழுதிக் கொடுங்க.”

எழுதிக் கொடுத்தார். மாமனார் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

தன் சட்டப்படியே அவர் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வழக்கத்தைவிட நேரமானது. கணக்குப் போட்டுத் திணறுகிறாள் என்று சந்தோஷத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

கதவு திறந்தது. திரையில் அவர் பெயர்.

“இதை உடைச்சுட்டாளா? அப்ப உலகத்துல ஒரு பேங்க்கும் தப்பாதே. நாளைக்கே ஆபீஸ்ல சொல்லணும்,” என்று வாணலியைப் பரபரவென்று தேய்த்தார்.

தன் தம்ளரைக் கொண்டுவந்து வைத்த மாமனார், சமையலறை வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“உங்க நம்பர்ல ஒரு குறையும் இல்லை மாப்ளே. மத்த நாள்ல ரெண்டு மூணு அமுக்குலயே உங்க பேர் வந்துடும். இன்னிக்குத்தான் பாவம், என் பொண்ணு ஏழு தடவை அமுக்க வேண்டியதாப் போச்சு.”