செந்தூர்பாண்டியின் நாற்பது வாசகர்கள்

"அத்தான், மாசம் மூவாயிரம் தாரேன். உங்க பக்கத்துல என் கடை விளம்பரம். இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றான் சுடலைக்கண்ணன்.

செந்தூர்பாண்டிக்கு யோசிக்க நிறைய இருந்தது. துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவான அவர், 'உப்புக்காற்று' என்ற வலைப்பூவை எட்டு வருடமாக எழுதிவந்தார். எந்தக் கப்பல் வந்தது, எது வெளியே நங்கூரம் போட்டுக் காத்துக் கிடக்கிறது, கச்சான் காற்று எப்படி அடிக்கிறது, நடுநடுவே வாழ்க்கையைப் பற்றித் தன் கருத்து. தினமும் நாற்பது பேர் வந்துபோவதாக எண்ணிக்கை காட்டியது. ஒருத்தரும் ஒரு பின்னூட்டம் போட்டதில்லை. அடக்கமான ஜனங்கள் என்று அவருக்கு அதிலும் பெருமைதான். பக்கத்தின் தலையிலேயே 'இங்கே விளம்பரம் கிடையாது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்.

"ஏலே, என்ன நம்பி நாப்பது பேரு வாராவ. அவுக கண்ணுல போயி நைட்டியக் காட்டச் சொல்லுதியா?"

சுடலைக்கண்ணன் வைத்திருந்தது நைட்டிக் கடை. போதாக்குறைக்கு அவன் சண்முகவடிவின் உடன்பிறந்த தம்பி.

"எந்தம்பி கேட்டா மட்டும் கொள்கை வந்துரும்" என்று அடுக்களையிலிருந்து சண்முகவடிவின் குரல் வந்தது. "எட்டு வருசமா உக்காந்து தட்டுதீயளே, ஒரு கட்டு கீர வாங்க அதுல காசு வந்துச்சா?"

அதற்குமேல் கொள்கை தாக்குப்பிடிக்கவில்லை. மறுநாள் 'உப்புக்காற்று' பக்கத்தில் ஒரு சிவப்பு நைட்டி சுற்றிச் சுற்றி வந்தது. 'ஒன்று எடுத்தால் ஒன்று இலவசம்' என்று எழுத்துகள் கண்ணடித்தன. அதற்கடியில், நிலக்கரிக் கப்பல் ஒன்று வந்து சேர்ந்த செய்தி பரிதாபமாக ஒதுங்கி நின்றது.

அன்று சாயங்காலம் எண்ணிக்கையைப் பார்த்தார். நான்கு பேர்.

"பாத்தியா வடிவு? முப்பத்தாறு பேரு ஒரே நாள்ல என்னக் கைகழுவிட்டாவ. மானஸ்தங்க!"

"எங்கயாவது கல்யாண வீட்டுக்குப் போயிருப்பாவ."

"முப்பத்தாறு பேரும் ஒரே கல்யாணத்துக்கா?"

அவர் விளக்கம் எழுதினார். 'என் அருமை வாசகர்களே' என்று ஆரம்பித்து, குடும்பச் சூழ்நிலையைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, கைகூப்பிய தன் படத்தையும் பெரிதாகப் போட்டார். எண்ணிக்கை மூன்றானது.

மைத்துனனைக் கூப்பிட்டு, "நைட்டியக் கொஞ்சம் சின்னதாக்கி மூலையில போட்டுக்கிடட்டுமா?" என்று பக்குவமாகக் கேட்டார்.

"எந்தொழில் ஒங்களுக்குக் கேவலமாப் போச்சா, அத்தான்?" என்று சுடலைக்கண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. வந்த ரோஷத்தில், தானே தோன்றிப் பேசும் வீடியோ ஒன்றை எடுத்து அனுப்பினான். அக்காளும் தம்பி பக்கமே பேசினாள். செந்தூர்பாண்டி அந்த வீடியோவையும் போட்டார்.

எண்ணிக்கை ஒன்று. அந்த ஒருவர் யார் என்பது செந்தூர்பாண்டிக்குத் தெரியும். எண்ணிக்கையைப் பார்க்கப் போன அவரேதான்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. எட்டு வருடத்துச் சம்பாத்தியம் என்று அவருக்கு இருந்தது அந்த நாற்பது பேர்தான். ஆபீசில் அவர் பேச்சை யாரும் கேட்பதில்லை. வீட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முகம் தெரியாத நாற்பது பேர் தன்னை மதிக்கிறார்கள் என்ற தெம்பில்தான் மனிதர் காலையில் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். அது போய்விட்டது.

மூன்றாம் நாள் எல்லா விளம்பரத்தையும் பிடுங்கி எறிந்தார். மூவாயிரத்தை மைத்துனன் கையில் திணித்தார். அவன் போனை எடுப்பதை நிறுத்தினான், அவன் அக்காள் பேசுவதை நிறுத்தினாள். சாப்பாட்டுத் தட்டு மட்டும் சத்தமாகப் பேசியது.

மறுநாள் சாயங்காலம் எண்ணிக்கை நாற்பத்தொன்று!

"வடிவு! அத்தன பேரும் திரும்பி வந்துட்டாவ! மேக்கொண்டு ஒருத்தரக் கூட்டிட்டு வந்திருக்காவ!"

மீன் அலசிக்கொண்டிருந்த சண்முகவடிவு எட்டிப் பார்த்தாள். புருஷன் கண்ணில் தண்ணீரைக் கண்டதும் அவளுக்கு மனசு இளகிவிட்டது.

"ஒங்க மேல இம்புட்டுப் பேருக்கு இம்புட்டுப் பாசமா? எனக்குத்தான் ஒங்க அரும தெரியல" என்றாள். இப்படி ஒரு வார்த்தையைக் கல்யாணமான நாளிலிருந்து கேட்டிராத செந்தூர்பாண்டி, கையில் போன் இருப்பதை மறந்து கும்பிடப் போக, அது நேராக மீன் வாளிக்குள் விழுந்தது.

அதனாலென்ன! மறுநாள் ராஜநடை போட்டுக்கொண்டு சொரிமுத்துவின் போன் ரிப்பேர் கடைக்குப் போனார். உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்களின் போன்களை உப்பு அரித்துவிடுவதால் அங்கே எப்போதும் கூட்டம். சொரிமுத்து போனைப் பிரித்து, துடைத்து, மாட்டி, எதையோ தட்டினான். 'உப்புக்காற்று' திறந்தது.

செந்தூர்பாண்டிக்குப் புல்லரித்தது. நாற்பது பேரில் ஒருவரை முதல்முறையாக நேரில் பார்க்கிறார்!

"தம்பி, நீங்க என் வாசகரா?" அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "இத எழுதுதது நான்தான்!"

சொரிமுத்து ஆச்சரியத்தோடு நிமிர்ந்து பார்த்தான்.

"அட, இது ஒங்களதா அண்ணாச்சி? ஒரு வரி வாசிச்சதில்ல, ஆனா தெனம் நாப்பது போன் சரி பண்ணுதேன், நெட்டு வருதான்னு ஒவ்வொண்ணுலயும் இதத்தான் தெறந்து பாப்பேன். நடுவுல ஒரு நைட்டி வந்து இழுத்துக்கிட்டு நின்னுச்சு, இப்பம் விளம்பரம் இல்லல்லா, பட்டுன்னு தெறக்கும்!"