பூணூலுக்கு இந்தப் பக்கம் மட்டும்

'நெஞ்சில் முடி இல்லாதவனை நம்பாதே' என்று என் பெரியப்பா அடிக்கடி சொல்வார். அந்தக் கணக்குப்படி மயிலாப்பூரிலேயே நம்பத் தகுந்த ஆள் நான்தான். கழுத்துக்குக் கீழே தொடங்கி வயிறு வரை எனக்கு நம்பிக்கை இடைவெளி விடாமல் வளர்ந்திருந்தது. (தோளிலும் கொஞ்சம் நம்பிக்கை. முதுகில் அங்கங்கே.) அதைப் பற்றி நான் கவலைப்பட்டதே இல்லை. சட்டையைக் கண்டுபிடித்த மகராசன் என்னைப் போன்ற ஒருவனாகத்தான் இருந்திருப்பான் என்று நிம்மதியாக இருந்தேன்.

கல்யாணம் நிச்சயமானதும் அந்த நிம்மதி போயிற்று. எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் மாப்பிள்ளை பஞ்சகச்சம் கட்டிக்கொண்டு, இடுப்புக்கு மேலே பூணூலும் மாலையுமாக ஊரே பார்க்க உட்கார்ந்திருக்க வேண்டும். அதையாவது சகித்துக்கொண்டிருப்பேன். என் நண்பன் பிரகாஷ்தான் வீடியோக்காரரிடம் பேசிவிட்டு வந்து குண்டைப் போட்டான்.

"மச்சி, மண்டபத்துக்குள்ளயே ட்ரோன் பறக்க விடறாங்களாம்டா."

"நல்லதுதானே?"

"இன்னா நல்லது? மேலேர்ந்து எடுத்தா, மேடையில யாரோ கம்பளியைக் காயப் போட்ட மாதிரி இருக்கும்."

அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. நான் கட்டிக்கொள்ளப் போகும் சௌம்யா அதுவரை என்னைச் சட்டையோடுதான் பார்த்திருந்தாள். சாயங்காலங்களில் பெசன்ட் நகர் கடற்கரையில் நடக்கும்போதுகூட, அந்தப் புழுக்கத்திலும் கழுத்துப் பித்தான் வரை போட்டுக்கொண்டு போவேன். "உங்களுக்கு வேர்க்கவே வேர்க்காதா?" என்று ஒருநாள் கேட்டாள். "பழக்கம்" என்றேன், ஏதோ ராணுவத்தில் இருந்தவன் மாதிரி.

லேசர் வைத்தியம் என்று ஒன்று இருப்பது தெரிந்து, அதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனையாளன். எதைப் பார்த்தாலும் 'இது எப்படி வேலை செய்கிறது, எப்போது வேலை செய்யாது' என்று குடைவதுதான் என் பிழைப்பு. மயிலாப்பூரில் போனால் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள். தி.நகரில் மாமனார் வீடு. ஆகவே அடையாறில் ஒரு கிளினிக்கைப் பிடித்தேன்.

அங்கிருந்த டாக்டரம்மா நல்லவர். "ஒரே தடவையில போயிடாது. மாசத்துக்கு ஒண்ணுன்னு பல தடவை வரணும். நிரந்தரம்னா அடியோட போயிடும்னு அர்த்தமில்லை, ரொம்பக் குறையும். கல்யாணம் எப்போ?" என்றார்.

சொன்னேன்.

"இரண்டு வாரம்தானே இருக்கு? கல்யாணம் முடிஞ்சு ஆரம்பிக்கலாமே."

புத்தியுள்ளவன் அங்கேயே எழுந்து வந்திருப்பான். நான், "டாக்டர், தோலை விட்டுட்டு முடி வேரை மட்டும் வெளிச்சம் எப்படித் தேடிப் பிடிக்கும்?" என்று கேட்டேன். பாவம், அவர் பதில் சொல்லிவிட்டார். முடியில் இருக்கும் கறுப்பு அந்த வெளிச்சத்தை இழுத்துக்கொள்ளுமாம், அது சூடாக மாறி வேர் வெந்துபோகுமாம். அதன் பிறகு கல்யாணம், ட்ரோன் எல்லாம் எனக்குப் பின்னால் போய்விட்டன. அந்த இயந்திரத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

வருவதற்கு முதல் நாள் வீட்டிலேயே மழித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். மழித்தேன். குளியலறைக்கு வெளியே அப்பா, "டேய், உள்ள என்ன மோட்டார் ஓடறது?" என்று கேட்டுக்கொண்டே நின்றார். சாக்கடை அடைத்துக்கொண்டது. மறுநாள் காலை அப்பா குச்சி விட்டுக் குடைந்து, வெளியே வந்ததைப் பார்த்துவிட்டு, "பெருச்சாளி செத்துக் கிடக்குடீ!" என்று அம்மாவைக் கூப்பிட்டாராம். நான் அதற்குள் அடையாறுக்குக் கிளம்பியிருந்தேன்.

கிளினிக்கில் லேசர் போடும் பெண்ணின் பெயர் ஸ்டெல்லா. பாலவாக்கத்திலிருந்து வருகிறவர். என்னைப் படுக்க வைத்து, கண்ணுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டினார். மாட்டியதும் உலகம் இருண்டது.

"சார், இந்தக் கயிறைக் கழட்டிருங்க."

"அது பூணூலும்மா. கழட்டக் கூடாது."

"சரி, அப்போ வலது பக்கம் மொதல்ல முடிச்சிட்றேன். அப்பால கயிறைத் தள்ளிக்கினு அந்தப் பக்கம் வரேன். சுருக்குனு இருக்கும், ரப்பர் பேண்டால அடிச்ச மாதிரி. ஆடாதீங்க."

குளிர்ந்த ஜெல் பட்டது. பிறகு ஒரு சுருக். இன்னொரு சுருக். அடுப்பில் தலைமுடி விழுந்தால் வருமே, அந்த வாசனை. எனக்கு உள்ளபடியே பரவசம்.

"ஸ்டெல்லா, மச்சத்தை முடின்னு நினைச்சுச் சுட்டுடாதா?"

"அதுக்குத்தான் மச்சத்து மேல வெள்ளையா ஒட்டிகீறேன் சார்."

"வேர் வெந்துட்டதுன்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்?"

"அதுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ரெண்டு வாரத்துல பாருங்க சார், தானா..."

"நான் கறுப்புச் சட்டை போட்டுண்டு படுத்தா?"

"சார், நீங்க பேசினா நெஞ்சு ஆடுது!"

அந்த இரண்டு வார விஷயத்தை அவர் முடிக்க விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது.

வலது பக்கம் முடிந்தது. அப்போதுதான் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "ஏம்மா, இதனால காது கேக்காமப் போயிடாதே?"

நிச்சயதார்த்தத்தன்று, 'மாப்பிள்ளை, இன்னும் ஒரு கரண்டி பாயசம்' என்று உபசரித்த அதே குரல். என் வருங்கால மாமனார்!

"ஸ்டெல்லா, போதும். மீதி அப்புறம்" என்று கண்ணாடியைக் கழற்றி வீசிவிட்டு, ஜெல்லைத் துடைக்கக்கூட நிற்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினேன். லிஃப்டுக்குப் போக வேண்டுமானால் அவருடைய அறையைத் தாண்ட வேண்டும். திரை பாதி திறந்திருந்தது. அவர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். அவர் கண்ணிலும் கறுப்புக் கண்ணாடி. என்னைப் பார்க்கவே முடியாது. இரண்டு எட்டு வைத்தால் தப்பித்தேன்.

ஆனால் காதில் லேசர் போடுவதை நான் பார்த்ததில்லை. நின்றேன்.

உள்ளே இருந்த பெண் அவர் காதை உற்றுப் பார்த்துவிட்டு, "சார், கறுப்பு மட்டும்தான் போகும். வெள்ளை முடிக்கு இது வேலை செய்யாது" என்றாள்.

"ஏன்? அதுவும் முடிதானே?" என்றார் மாமனார்.

நியாயமான கேள்வி. அந்தப் பெண் பதில் சொல்லாமல் எதையோ துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நல்ல கேள்வி பதிலில்லாமல் அந்தரத்தில் தொங்குவதை என்னால் தாங்க முடியாது.

"கறுப்புதான் மாமா வெளிச்சத்தை இழுத்துக்கும். வெள்ளையில பிடிப்பு இல்லை" என்றேன்.

மாமனார் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தினார். "மாப்பிள்ளையா?"

"நான்... ஒரு சிநேகிதனுக்காக விசாரிச்சுண்டு போகலாம்னு..."

அவர் பார்வை என் சட்டைக்கு இறங்கியது. பித்தான்கள் தடம் மாறிப் போட்டிருந்தன. ஜெல் ஊறி, வலது பக்கம் மட்டும் துணி உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"சிநேகிதன் நன்னா நனைஞ்சிருக்கான் போலிருக்கே" என்றார்.

பக்கத்து ஓட்டலில் காபிக்கு முன்னால் உட்கார்ந்து நாங்கள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். அவர்தான் ஆரம்பித்தார். "மாமிகிட்ட மூச்சு விடப்படாது. காதுல முடி இருந்தா லக்ஷ்மி கடாட்சம்னு நெனச்சிண்டிருக்கா அவ. காது டெஸ்ட்டுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"உங்களுக்கு எதுக்கு மாமா இதெல்லாம்?"

"அந்த வீடியோக்காரன் வேற கல்யாணத்துல எடுத்ததைப் போட்டுக் காமிச்சான். தாரை வார்த்துக் குடுக்கறச்சே க்ளோசப்பாம். திரை பூரா பொண்ணோட அப்பா காதுதான் தெரியறது." சற்று நிறுத்தி, "உங்களுக்கு?" என்றார்.

"ட்ரோன் மாமா."

அவர் என்னை முதல்முறையாகப் பிரியத்தோடு பார்த்தார்.

அடுத்த நாட்களில் தினமும் கண்ணாடி முன் நின்று என் மார்பைச் சோதித்தேன். இரண்டு பக்கமும் முடி சரிசமமாக முளைத்து வந்தது. லேசர் தோற்றுவிட்டது என்று முடிவு கட்டினேன். சோதனையாளன் என்ற முறையில் ஏமாற்றம், மாப்பிள்ளை என்ற முறையில் ஆறுதல். பாதிதான் செய்தோம் என்பது யாருக்கும் தெரியப் போவதில்லை. கம்பளி என்றாலும் முழுக் கம்பளி.

கல்யாணத்தன்று விடியற்காலை, மண்டபத்தில் மங்கள ஸ்நானம். அத்தை தலையில் எண்ணெய் வைத்து அனுப்ப, உள்ளே போய்ச் சீயக்காயைத் தேய்த்தேன். கை மார்பின் வலது பக்கம் போனது. கையோடு முடியும் வந்தது. பதறிப்போய் இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். இன்னும் வந்தது. வெந்த வேர்கள் இத்தனை நாள் பிடி விடாமல் இருந்து, முகூர்த்த நாள் பார்த்துக் கொட்டுகின்றன! சில நிமிடங்களில் வலது மார்பு, துடைத்த குத்துவிளக்கு மாதிரி பளபளத்தது. இடது பக்கத்தில் ஒரு முடிகூட அசையவில்லை. நடுவில் பூணூல், இரண்டு நாடுகளுக்கு எல்லைக்கோடு போட்ட மாதிரி குறுக்கே ஓடியது.

இடது பக்கத்தையும் மழித்துவிடலாம் என்றால் சவரக்கத்தி என் பெட்டியில். பெட்டி மாப்பிள்ளை அறையில். அறைச் சாவி அம்மாவின் இடுப்பில். அம்மா மண்டபத்தில் எங்கே என்று யாருக்கும் தெரியாது. வெளியே என் சொந்தக்காரர்கள் அனைவரும் சேர்ந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

மாலை மாற்றும் வரை மாலை காப்பாற்றியது. மேடைக்கு வந்து உட்கார்ந்ததும் வாத்தியார் மாலையை எடுத்து ஓரமாக வைக்கச் சொன்னார். போட்டோகிராபர் கேமராவை இறக்கிவிட்டு, "டேய், லைட்டைத் தள்ளி வைடா, சார் மேல ஒரு பக்கம் நிழல் விழுது" என்று உதவியாளனை அதட்டினார்.

அவன் விளக்கை அந்தப் பக்கம் நகர்த்தினான், இந்தப் பக்கம் நகர்த்தினான். கடைசியில் என் அருகே வந்து குனிந்து பார்த்துவிட்டு, மேடை முழுக்கக் கேட்கும்படி சொன்னான்: "அண்ணே, லைட்டெல்லாம் கரெக்டாதான் கீது. நிழலு சார் மேலயே மொளைச்சிகீது!"

பக்கத்திலிருந்த சௌம்யா அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. "பாவம், அம்மா அப்பாவை விட்டுட்டுப் போறோமேன்னு கொழந்தை அழறது" என்று அவளுடைய சித்தி மூக்கை உறிஞ்சினார்.

அடுத்து, மாப்பிள்ளைக்குப் பாத பூஜை. மாமி சொம்பிலிருந்து தண்ணீர் விட, மாமனார் குனிந்து என் காலை அலம்ப வேண்டும். அவர் குனிந்தார், நிமிர்ந்தார், என் மார்பைப் பார்த்தார். நாதஸ்வரம் நின்றிருந்த நேரம்.

"அந்தப் பக்கத்தை ஏன் விட்டேள்?" என்று கிசுகிசுத்தார்.

"நீங்க வந்துட்டேளே மாமா!"

"நான் போனப்புறம் திரும்பிப் போய் முடிச்சிருக்கலாமோல்லியோ?"

என் பாதத்தில் விழுந்துகொண்டிருந்த தண்ணீர் நின்றது.

"எங்க போய்?" என்றார் மாமி.

மாமி என் மார்பைப் பார்த்தார். பிறகு தன் கணவரின் காதைப் பார்த்தார். கறுப்பெல்லாம் கொட்டிப்போய், அங்கே வெள்ளை முடி மட்டும் பஞ்சு வைத்த மாதிரி துருத்திக்கொண்டிருந்தது.

"காது டெஸ்ட்டுன்னு போனேளே, இதுக்கா? ரெண்டு பேரும் ஜோடியாவா போனேள்?"

அந்த நிமிடம் என் கல்யாணம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். பொய் சொல்லும் மாமனாரும் அவருக்குத் துணைபோகும் மாப்பிள்ளையும் ஒரே மேடையில் பிடிபட்டால் எந்தத் தாய்தான் மேற்கொண்டு பெண்ணைக் கொடுப்பாள்? மண்டபமே கழுத்தை நீட்டியது. வாத்தியார் மந்திரத்தை நிறுத்திவிட்டு மாமனார் பக்கம் சாய்ந்தார். அவர் காதிலும் ஒரு சிறு தோட்டம் உண்டு.

"லேசரா ஓய்? காதுக்குக்கூடப் பண்றாளா? வலிக்குமோ?"

மாமிக்கு வந்த சிரிப்பில் சொம்பு சாய்ந்து, என் பஞ்சகச்சம் முழங்கால் வரை நனைந்தது. "முகூர்த்தம் தாண்டிடப் போறது. நீங்க மந்திரத்தைச் சொல்லுங்கோ! இவா ரெண்டு பேரையும் நான் அப்புறம் பாத்துக்கறேன்" என்றார்.

தாலி கட்டினேன். ட்ரோனும் பறந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகுதான் எனக்கு ஒரு பெரிய உண்மை புரிந்தது. கை அலம்பும் இடத்தில் ஒவ்வொருவராக என்னை ஓரம் கட்டினார்கள். சௌம்யாவின் சித்தப்பா, என் பெரியப்பா ('நம்பாதே' என்ற அதே பெரியப்பாதான்), பிரகாஷின் அப்பா. எல்லாரும் முதலில் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். பிறகு தணிந்த குரலில், "முதுகுக்கும் பண்றாளா?", "ஒரேயடியாப் போயிடுமா?", "அடையாறுல எங்க?" ஒருவர் சட்டையைத் தூக்கியே காட்டிவிட்டார். ஒவ்வொருவருக்கும் கறுப்பு, வெளிச்சம், வேர் என்று சளைக்காமல் விளக்கினேன். கல்யாண நாளில் நான் மனம்விட்டுப் பேசியது அங்கேதான்.

சாயங்காலம் எங்களைக் கொஞ்ச நேரம் தனியே விட்டார்கள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். சௌம்யா மறுபடி சிரித்து ஓய்ந்தாள்.

"கழுத்துப் பித்தானுக்கு மேலயே எட்டிப் பார்த்துண்டிருக்குமே. எனக்குத் தெரியாதுன்னா நெனச்சேள்?"

"பிடிக்கலைன்னா மீதியையும்..."

"அதை விடுங்கோ. கை அலம்பற இடத்துல எல்லார்கிட்டயும் சொல்லிண்டிருந்தேளே, கறுப்பு முடிதான் வெளிச்சத்தை இழுக்கும்னா, நம்ம தோலும் கறுப்புதானே? அது ஏன் வேகலை?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்தக் கேள்விக்காகவே இவளை இன்னொரு தடவை கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம் போலிருந்தது. தோலையும் சுட்டுவிடுமாம், அதனால்தான் நம் ஊர்த் தோலுக்கு ஏற்ற லேசராகத் தேர்ந்தெடுத்து, ஜாக்கிரதையாகக் குளிர வைத்துக்கொண்டே போடுகிறார்கள் என்று படித்திருந்ததைச் சொன்னேன். பேச்சு அங்கிருந்து எங்கெங்கோ போயிற்று.

நான் மறுபடி கிளினிக்குக்குப் போகவில்லை. வலது பக்கம் சில மாதங்களில் மெல்லத் திரும்பி வந்தது. முன்போல அடர்த்தி இல்லை, அரைகுறை நம்பிக்கைதான். மாமனார் மட்டும் மிச்சத்தை வாரம் ஒருமுறை கத்தரிக்கோலால் நறுக்கிக்கொள்கிறார், மாமியின் அனுமதியோடு.

போன மாதம் தி.நகர் வீட்டில் வெள்ளையடித்தார்கள். ஹாலில் ஒரு சுவரை முடித்துவிட்டு, பெயின்டர் சாப்பாட்டுக்குக் கிளம்பினார். வேலையைப் பாதியில் விட்டுப் போகிறவர்களை மாமிக்குக் கட்டோடு பிடிக்காது. வாசல் வரை போய், "ஏம்ப்பா, சீக்கிரம் வந்துடு. மாப்பிள்ளை மார் மாதிரி விட்டுட்டுப் போயிடாதே" என்றார்.

பெயின்டர் குழம்பிப்போய் நின்றார். "மாப்ள மாரா? அது இன்னா கலரும்மா?"

சோபாவில் உட்கார்ந்திருந்த நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சட்டையின் மேல் பித்தானைப் போட்டுக்கொண்டேன்.